பன்னிரண்டு டப்பா பாசி

வெள்ளானூரில் எங்கள் குடியிருப்பின் முதல் தளத்தில் வசிக்கும் கோமளா, ஒரு பள்ளி ஆய்வகத்தில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்தவர். பள்ளியை மூடியபோது அவருக்கு ஐம்பது வயது. அதன் பிறகு வடக்குப் பார்த்த பால்கனியில், நிழல்வலைக்குக் கீழே, மூடி போட்ட பன்னிரண்டு கண்ணாடி டப்பாக்களில் ஒரே ஒரு வகைச் செடியை வளர்த்தார்.

மீன்தொட்டி வைப்பவர்கள் அதை பேர்ல் மாஸ் என்பார்கள். உண்மையில் அது மாஸ் எனப்படும் பாசி அல்ல, பாசிக்கு உறவான, இலையுள்ள லிவர்வொர்ட் என்ற செடி; நாங்கள் பாசி என்றே சொல்வோம். ஓடையோரத்து ஈரப் பாறையை ஒட்டிக்கொண்டு வாழ்வது. வேர் கிடையாது. கடுகளவு வட்ட இலைகள், தண்டின் இருபுறமும் அடுக்காக இருக்கும். இலையின் தடிமன் ஒரே ஒரு செல். "தண்ணில என்ன இருக்கோ, அது நேரா உள்ள போயிடும்" என்பார் கோமளா.

கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஒரு கல்லில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டியிருந்ததை நான்கு வருடத்தில் பன்னிரண்டு டப்பாவாக்கியிருந்தார். அந்த வகை இப்போது கடைகளுக்கு வருவதில்லை. அவருக்குத் தெரிந்து, அவரிடமும் நூம்பலில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஷோபனாவிடமும்தான் இருந்தது. ஷோபனாவுக்கு ஒரு துண்டு கொடுத்ததும் அவர்தான்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது ஆகாது. பிடித்து வைத்த மழைநீர் பங்குனியில் தீர்ந்தது. கேன் தண்ணீரில் மருந்து வாடை அடித்தது. எனவே ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தொடங்கினார். உப்பு மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. எங்கள் வீட்டு ஏசிக் குழாயின் கீழும் ஒரு வாளி வைக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

சித்திரை இரண்டாம் வாரம் மூன்றாவது டப்பாவின் ஓரத்தில் பழுப்பு தெரிந்தது. வெயில்தான் காரணம் என்று வலையை இரட்டையாகக் கட்டினார். பழுப்பு நின்றபாடில்லை. தண்ணீரை இன்னும் சுத்தமாக வைப்போம் என்று தினமும் மாற்றினார். மாற்ற மாற்ற, ஒவ்வொரு மாலையும் இன்னொரு டப்பா கறுத்திருந்தது. நான் வாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவர் டப்பாக்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

பதினோராவது டப்பாவும் போன அன்று, நான் வாளியோடு அங்கே இருந்தபோது, அவர் வீட்டு ஏசியைச் சுத்தம் செய்ய மெக்கானிக் பாண்டியன் வந்தார். ஏசிக் குழாயின் கீழே இருந்த வாளியைப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஏசி தண்ணில கீரை வளக்குறியா?"

"பாசிப்பா."

"இன்வெர்ட்டருக்கு ஊத்துவாங்கோ, பாத்துகீறேன். பாசிக்கு ஊத்துறது நீதான் ஃபஸ்ட்டு." முகப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். "வந்து பாரு. காயிலு பூரா காப்பரு. பச்சையா பூத்துகினு கீது. அதெல்லாம் கரைஞ்சி சொட்டிகினுதான் இருக்கும்."

கோமளா ஏணியைப் பிடித்தபடி அந்தப் பச்சையையே பார்த்தார். ஆய்வகத்தில், பாசியைக் கொல்லும் செம்பு உப்பு என்று மயில்துத்தப் புட்டியைப் பாசி மாதிரிகளின் அருகில்கூட வைக்க விடாதவர் அவர்.

"இது செம்புன்னு எனக்குத் தெரியாதா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

உடனே பால்கனிக்குப் போய்ப் பன்னிரண்டாவது டப்பாவைத் திறந்தார். முதலில் வாங்கிய தாய்க்கல் அதில்தான் இருந்தது. விரல் பட்டதும் பாசி தோலாக உரிந்து வந்தது. என் பக்கம் திரும்பாமல் ஷோபனாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பாசிக்கு என்ன தண்ணி ஊத்துற?"

"நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி. ஏசி தண்ணி. சனிக்கிழமைல இருந்து. ஏன்?"

"மூடியத் திற. நல்லாப் பாரு."

கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. "பச்சையாதான் இருக்கு ஆன்ட்டி." கல்லைப் புரட்டும் சத்தம். "கல்லுக்கு அடியில மட்டும் லேசா பழுப்பு. அது பரவாயில்லதானே?"

"அந்தத் தண்ணியக் கொட்டிடு. இப்பவே."

தண்ணீர் கொட்டும் ஓசை முடியும்வரை கோமளா காத்திருந்தார்.

"கொட்டிட்டேன். இப்ப வேற என்ன தண்ணி ஊத்தட்டும்?"

கோமளா மேகமில்லாத வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி, கல்லு காயுது" என்றது போன்.