நீலப் பெயின்ட் அடித்த படகு

இன்று காலை மடத்துக்குளம் பக்கம் ஒரு பழைய ஃபைபர் படகைப் பார்க்கப் போயிருந்தேன். வந்ததும் நேரே பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆற்றிலும் ஏரியிலும் மீன் பிடிக்கச் சின்னப் படகு ஒன்று வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் பார்ப்பதற்கு முன்பே, படகில் ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

குளக்கரையில் கிடந்த படகில் நீலப் பெயின்ட் மினுமினுத்தது.

“ஏனுங்க, இப்பத்தான் பெயின்ட் அடிச்சீங்களாட்ட இருக்குது?”

“பார்வையா இருக்கட்டும்னு அடிச்சேனுங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராதுங்க” என்றார் படகுக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

பனியன் கம்பெனியில் எனக்குத் துணி செக்கிங் வேலை. துணியை ட்யூப் லைட்டுக்கு மேல் விரித்தால் ஊசி ஓட்டைகூடத் தப்பாது. அதே பழக்கத்தில் படகைக் கவிழ்த்து, அடியில் புகுந்து மல்லாந்து படுத்து, எங்காவது வெயில் தெரிகிறதா என்று தேடினேன்.

வெயில் தெரியவில்லை. ஆனால், உட்காரும் பலகையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பிளாஸ்டிக் மக் ஒன்று என் மூக்கில் இடித்தது.

“இது எதுக்குங்க?”

“கை கழுவறதுக்குங்க.”

சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது கை கழுவ மக் எதற்கு?

“சரிங்க, நீங்களே ஏறி ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நான் கரையில நின்னு பாக்கறேன்.”

அவர் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அட, வேட்டி நனைஞ்சு போயிருமுங்க!”

ஒரு சொட்டும் உள்ளே வராத படகில் எதை உடுத்திக்கொண்டு ஏறுவது என்று படகு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். ஜட்டிதான் சரி என்றால், அது எங்கள் கம்பெனியிலேயே கிடைக்கும்.