வெண்மதி கண்ணை மூடுவதில்லை

வெண்மதிக்கு ஜெபத்தில் கண்ணை மூடும் பழக்கம் கிடையாது. சிதம்பரத்தில் அவளும் அவள் அம்மாவும் போய்வந்த சபையில் இது ஒரு நிரந்தரப் புகார். ஞாயிறு பள்ளி டீச்சர்கள் கண்டித்துப் பார்த்தார்கள், பிஸ்கட் கொடுத்துக்கூடப் பார்த்தார்கள். அவள் கையைக் கூப்புவாள், தலையைக் குனிவாள், எல்லாரும் கண்ணை மூடியதும் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். கொழுப்பு என்றார் ஒருவர், பக்தி இல்லை என்றார் இன்னொருவர். கண்ணை மூடியிருந்த இவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

காரணம் அவள் அம்மா சௌந்தரத்துக்குத் தெரியும். கடலூரில், கடலோரக் குப்பத்தில் அவர்கள் இருந்தபோது வெண்மதிக்கு ஒன்பது வயது, தம்பி ஜோயலுக்கு நாலு. இரண்டாயிரத்து நாலு, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் ஞாயிறு பள்ளி. ஜோயல் அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றான். “எல்லாரும் கை கூப்பி, கண்ணை மூடுங்க” என்றார் டீச்சர். கை கூப்ப வேண்டுமே என்று வெண்மதி தம்பியின் கையை உதறிவிட்டாள். நல்ல பிள்ளையாகக் கண்ணை இறுக மூடினாள். லாரி வருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் மார்பு வரை இருந்தது, பக்கத்தில் ஜோயல் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தான்.

அந்தத் துயரத்தில் அவர்களைக் கைதூக்கிவிட்டவர் சார்லஸ். சிதம்பரம் சபையின் செயலாளர், அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அரிசி மூட்டையோடு கடலூர் வந்தவர், அப்பா இல்லாத அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, தாயையும் மகளையும் சிதம்பரத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். சபையின் நர்சரி பள்ளியில் சௌந்தரத்துக்கு ஆயா வேலை, வளாகத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை. நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது. ஜெபம் மட்டும் நீளம். “ஒரு நிமிஷம் ஜெபிப்போம்” என்று அவர் சொன்னால் தாய்மார்கள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து மே மாதம், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள். வி.பி.எஸ். என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். பதினைந்து வயதான வெண்மதி அந்த வருஷம் மழலை வகுப்புக்கு உதவியாளர். காலை பதினொரு மணி. வேப்பமரத்தடியில் நூற்றிருபது பிள்ளைகள் வரிசையாக நிற்க, சார்லஸ் மைக்கைப் பிடித்து முடிவு ஜெபத்தை ஆரம்பித்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் மேட்டில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் சிங்காரம் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். சரிவின் அடியில், குழாயடியில், வளாகம் பெருக்கும் பட்டம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜூஸ் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்றிருபது பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள். பாஸ்டரும் மூடியிருந்தார். வெண்மதி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஸ்பீக்கர் செட்டைக் கவனித்துக்கொண்டிருந்த அறிவழகன் மெல்ல நழுவுவதைப் பார்த்தாள். சார்லசின் ஒரே மகன், பதினேழு வயது, வண்டிப் பைத்தியம். வேனில் ஏறினான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். குனிந்து எதையோ இழுத்தான். வேன் சத்தமே இல்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. அவன் முகம் மாறுவதைக்கூட வெண்மதி பார்த்தாள். பதறிக் கீழே குதித்து, ஸ்பீக்கர் பக்கமே திரும்பி ஓடினான். “பட்டம்மாக்கா” என்று கத்த அவள் வாயைத் திறந்தாள், ஸ்பீக்கரில் சார்லசின் குரல் மரத்தடி முழுக்க நிரம்பியிருந்தது. அடுத்த நொடி அண்டா நசுங்கும் சத்தமும் பட்டம்மாளின் அலறலும் சேர்ந்து கேட்டன.

எல்லாரும் கண்ணைத் திறந்தபோது அறிவழகன் ஸ்பீக்கர் பக்கத்தில் கை கூப்பி நின்றான். டீ கிளாசை எறிந்துவிட்டு ஓடிவந்த சிங்காரம்தான் வேன் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். எல்லார் கண்ணிலும் முதலில் பட்டது அதுதான்.

பட்டம்மாளுக்கு உயிர் தப்பியது, இடது கால் நொறுங்கிவிட்டது. எஸ்.ஐ. திருநாவுக்கரசு மத்தியானம் வந்து விசாரித்தார்.

“யாராவது பாத்தீங்களா?”

“எல்லாருமே ஜெபத்துல இருந்தோம் சார், ஒருத்தர் விடாம கண்ணை மூடியிருந்தோம்” என்றார் சார்லஸ். தன் அறிவுக்கு எட்டிய வரை அவர் சொன்னது சத்தியம், வெண்மதியின் பழக்கம் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. “டிரைவர் ஒருத்தர்தான் ஜெபத்துல இல்ல.”

அந்த ஒரு வார்த்தையில் சிங்காரத்தின் தலைமேல் பழி விழுந்தது. பார்த்ததைச் சொல்ல வெண்மதி ஓர் அடி முன்னால் வைத்தாள், அப்படியே பின்வாங்கினாள். எதிரில் நின்றவர் சார்லஸ். அவர் போட்ட சோற்றைத்தான் அவளும் அம்மாவும் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறார்கள்.

மறுநாள் கீழவீதியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவளின் பக்கத்தில் அறிவழகன் வந்து நின்றான். ஒரு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“நீ பாத்துட்டல்ல.”

ஆட்டோ வருகிறதா என்று அவள் தெருவையே பார்த்தாள்.

“வெளாட்டுக்குதான் ஏறுனேன். யாருகிட்டயும் சொல்லிடாத. எங்கப்பா இல்லன்னா உங்கம்மாவுக்கு வேலை ஏது, யோசிச்சுக்க.” மிரட்ட வந்தவனுக்குக் குரல் நடுங்கியது. சொன்னதற்கு அவனே வெட்கப்பட்டவன்போல விறுவிறுவென்று போய்விட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே சிங்காரம் நிற்பதைக் கண்டாள். காடாம்புலியூர்க்காரர். வி.பி.எஸ். நடந்த பத்து நாளும் ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்தவர். இப்போது உள்ளே வரக் கூசிக்கொண்டு நின்றார்.

“பட்டம்மாவ பாக்கப் போனேன் பாப்பா. அவுங்க மவன் உள்ள விடல. நாளைக்கு சபையில எழுதிக் குடுக்கறாங்களாம், செவ்வாக்கெழம கேச கோர்ட்டுல போடறாங்களாம். லைசென்சு போயிடும். ஜெயிலுன்னும் சொல்றாங்க.”

“நீங்க பிரேக் போட்டீங்கதானே மாமா?”

சிங்காரம் தன் கையைப் பார்த்தார். “இருவது வருஷமா போடறேன் பாப்பா. ஆனா எல்லாரும் போடலன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகமாப் போச்சு. நாந்தான்னு ஒத்துக்கலாம்னு இருக்கேன்.”

செய்யாத ஒன்றைச் செய்ததாக இந்த மனிதர் நம்பவே ஆரம்பித்துவிட்டார். வெண்மதி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சௌந்தரம் அரிசி களைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, வேலை போயிடுமா?”

“தெரியலடி.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “நீ ஏன் கண்ணை மூடறதில்லன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல நான் என்னா சொல்றது” என்றாள். ஆறு வருஷத்தில் அம்மா அதைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணி. சபை ஹாலில் ஆசிரியர்களும் உதவியாளர்களுமாகப் பத்தொன்பது பேர். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சார்லஸ் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

“சம்பவ நேரத்தில் கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் கண்களை மூடி ஜெபத்தில் இருந்தோம். வாகன ஓட்டுநர் சிங்காரம் மட்டுமே ஜெபத்தில் இல்லை.”

தாளை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தன் வேதாகமத்தை வைத்தார். “உண்மையைத்தான் எழுதியிருக்கோம். ஆனாலும் ஒரு மனுஷனோட பொழப்பு இது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபிப்போம்.”

எல்லார் தலையும் குனிந்தது. எல்லார் கண்ணும் மூடியது.

வெண்மதி வழக்கம்போல ஒரு முனையிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். டீச்சர்கள், பாஸ்டர், கண் மூடிய சார்லஸ். அவருக்கு வலப்பக்கம் வந்ததும் அவள் பார்வை நின்றது. அங்கே இரண்டு கண்கள் திறந்திருந்தன.

அறிவழகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரிந்து, ஜெபத்தின் நடுவே இன்னொருவர் கண்ணை அவள் சந்தித்தது அதுதான் முதல்முறை. அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு கூப்பிய கையை மெதுவாகத் திருப்பி, அவளை நோக்கிக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்து போதும். அம்மாவின் வேலை இருக்கும், அறை இருக்கும், சார்லஸ் அங்கிள் தலைநிமிர்ந்து நடப்பார். இந்த ஹாலில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சார்லஸ் சிங்காரத்தின் பெயரைச் சொல்லி, “அவரை மன்னியும் ஆண்டவரே” என்று உருகிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் வெண்மதிக்கு உள்ளங்கையில் ஒரு சின்னக் கை இருப்பதுபோலவும் அதை உதறச் சொல்லி எல்லாரும் சொல்வதுபோலவும் இருந்தது. இந்தத் தடவை உதறமாட்டேன் என்று நினைத்தாள்.

“அங்கிள்.”

குரல் எழும்பவில்லை. ஜெபம் போய்க்கொண்டே இருந்தது.

“அங்கிள், கண்ணைத் தொறங்க.”

ஜெபம் பாதியில் அறுந்தது. அந்தச் சபையில் அப்படி நடந்ததே இல்லை. சார்லஸ் கண்ணைத் திறந்தார். வெண்மதியைப் பார்த்தார். அவள் பார்வை போன திசையில் திரும்பினார். கையை இறக்கவும் கண்ணை மூடவும் அறிவழகனுக்கு நேரமில்லை. அவன் அந்தப் பெண்ணைக் கும்பிட்டபடியே நின்றான்.

“யாரைடா கும்பிடற?” சார்லஸ் மெதுவாகத்தான் கேட்டார்.

அறிவழகன் உதட்டைக் கடித்தான். முடியவில்லை. “அவ பாத்துட்டாப்பா” என்றான். அப்புறம் மடை உடைந்ததுபோல எல்லாம் வந்தது, வேனில் ஏறியது, பிரேக்கைத் தளர்த்தியது, ஓடிவந்து கண்ணை மூடிக்கொண்டது வரை.

சார்லஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடிவிட்டது அவருக்கு. “அப்ப நான் என்னா எழுதி வச்சிருக்கேன்” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு வெண்மதியிடம் திரும்பினார்.

“அன்னிக்கும் நீ கண்ணை மூடலியாம்மா?”

“மூடறதில்ல அங்கிள். ஜோயல் கைய விட்டதுலேர்ந்து.”

கடலூரில் ஜோயலின் சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று ஜெபித்தவர் சார்லஸ்தான். இந்தப் பெண் கண்ணை மூடுவதில்லை என்று கமிட்டியில் இரண்டு முறை பேசியவரும் அவர்தான். எழுந்து, வேதாகமத்துக்கு அடியிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். மகனின் கையைப் பிடித்தார்.

“வா. ஸ்டேஷனுக்குப் போவோம். நீயும் வாம்மா. சௌந்தரத்தையும் கூட்டிக்க.”

ஸ்டேஷன் வாசலில் சிங்காரம் உட்கார்ந்திருந்தார். ஒத்துக்கொள்வதற்காகத்தான் வந்திருந்தார், எஸ்.ஐ. இன்னும் கூப்பிடவில்லை. சார்லஸ் அவரைக் கடந்து போகாமல் அவர் எதிரில் நின்றார். “நீங்க பிரேக் போட்டுதான் இருந்தீங்க சிங்காரம்” என்றார். சிங்காரம் எழவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

உள்ளே எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை வைத்தார். “ஒருத்தர் விடாம கண்ணை மூடியிருந்தோம்னு சொன்னீங்களே சார்?”

“இந்தப் பொண்ணு மூடல சார்” என்றார் சார்லஸ். “நல்ல வேளை.”

அதன்பின் அறிவழகன் ஒரு வருஷத்துக்கு மேல் விசாரணைக்காகக் கடலூருக்கு பஸ்ஸில் அலைந்தான். காலில் கம்பி வைத்து நடந்த பட்டம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவனும் அவன்தான். முதல் மூன்று மாதம் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சார்லஸ் செயலாளர் பதவியை விட்டார். சௌந்தரத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிங்காரம் பலாப்பழத்தோடு திரும்பி வந்தார். அவர் இப்போதெல்லாம் வேனை நிறுத்தினால் சக்கரத்துக்கு இரண்டு கல் வைக்காமல் டீக்கடைக்குப் போவதில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மே மாதம், வி.பி.எஸ். கடைசி நாள். அதே வேப்பமரம், முடிவு ஜெபத்துக்கு அதே சார்லஸ். ஜெபத்தின் நீளம் மட்டும் குறையவில்லை. மழலை வகுப்பின் வரிசையில் வெண்மதி பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொடிசுகளின் கையைப் பிடித்தபடி நின்றாள். அதனால் அவள் கை கூப்பவில்லை.

சார்லஸ் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் கண்ணை மூடுங்க” என்றார். நூறு தலைகள் குனிந்தன. அவர் மட்டும் கண்ணை மூடாமல் கூட்டத்துக்குள் தேடினார், அவளைக் கண்டுபிடித்தார்.

“வெண்மதி, நீ பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.