பொண்ணு பார்க்க வந்த பழைய மாணவர் சங்கம்

நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை... செய்யூரில் எங்கள் வீடு முழுக்க அன்று அதுதான். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தார். நான் பட்டுப்புடவையில், வியர்த்து வழிந்துகொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். செங்கல்பட்டில் பி.எஸ்சி. படித்தேன்... படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் லேப் முடிந்து ஏறிய பஸ் வழியில் பிரேக்டவுன். வீடு சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. அப்பா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. "இனிமே போவ வேணாம்" என்று மட்டும் சொன்னார். சொன்ன கையோடு தரகரையும் பார்த்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து பையன் வீட்டார் வருவதாக ஏற்பாடு.

அதனால்தான் கேசரி.

வாசலில் வேன் வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி, தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், மல்லிகைப்பூ. கூடவே வேன்காரர். அம்மா ஓடிப்போய் வரவேற்று, உட்கார வைத்து, கேசரியைக் கொடுத்துவிட்டார்.

நான் தலையைக் குனிந்தபடி காபித் தட்டோடு போனேன். நிமிர்ந்தால்... ருக்மணி அக்கா.

எங்கள் காலேஜ் பழைய மாணவர் சங்கம் கொஞ்சம் வித்தியாசமானது. வருஷவாரியாகப் பிரியாது, பஸ் ரூட்வாரியாகப் பிரியும். செய்யூர் ரூட், அச்சரப்பாக்கம் ரூட், திருப்போரூர் ரூட்... அதே பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போய்வரும் பழைய மாணவர் ஒருவர் அந்த ரூட்டுக்குப் பொறுப்பு. யாராவது தொடர்ந்து காலேஜுக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கே கிளம்பி வந்துவிடுவார்கள். எங்கள் ரூட்டுக்கு ருக்மணி அக்கா. செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் வேலை. அன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதே என்று பழம், பூ வாங்கிக்கொண்டு அப்படியே வந்திருக்கிறார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பையன் வரலீங்களா?"

"எந்தப் பையன்?"

"மாப்ள பையன்தான்."

அக்கா என் புடவையைப் பார்த்தார். தான் கொண்டுவந்த தட்டைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு... வேன்காரர் என்று நாங்கள் நினைத்தவர்தான் காப்பாற்றினார். செங்கல்பட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஜாஃபர் அண்ணன். அவரும் எங்கள் காலேஜ்தான்.

"அண்ணாத்த, நாங்க காலேஜ் சங்கத்துலருந்து வந்துகிறோம். பொண்ணு ஏன் வரலன்னு கேக்க."

அம்மா பாவம், கேசரித் தட்டையே பார்த்தார்.

"சூப்பரா கீதும்மா," என்றார் ஜாஃபர் அண்ணன். "இன்னும் கொஞ்சம் கீதா?"

அப்பா சிரிக்கவில்லை. "பஸ்ஸு நின்னுபோச்சுன்னா நீங்களா வந்து தள்ளுவீங்க?"

"நானும் அதே பஸ்லதாங்க வரேன்," என்றார் அக்கா. "லேப் முடியிற வரைக்கும் ஸ்டாண்டுல நிப்பேன். அவ ஏறாம நான் ஏற மாட்டேன்."

"நீ லீவு போட்டா?"

"அன்னிக்கு என் கடை வேனு," என்றார் அண்ணன். "என் சம்சாரம் கூட வரும்."

"எத்தினி நாளைக்கு?"

"டிகிரி வாங்குற வரைக்கும்," என்றார் அக்கா.

அப்பா அக்கா பக்கம் திரும்பினார். "இதுல உனக்கு இன்னாம்மா லாபம்?"

"என் வூட்டுக்கும் ஒரு அக்கா இப்படி வந்தாங்க," என்றார் ருக்மணி அக்கா. "எங்கப்பா அவங்கள உள்ளயே வுடல. திரும்பத் திரும்ப வந்தாங்க."

அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான் நிஜமான பையன் வீட்டார் வந்து இறங்கினார்கள். பாத்திரத்தில் கேசரி இல்லை. அம்மா உள்ளே பதறினார். அப்பா வாசலிலேயே நின்று கைகூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க. பொண்ணு படிச்சிகினு கீது. முடிக்கட்டும்."

அம்மா ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவைத் திட்டினார். நான் மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

அந்தச் சங்கத்தின் பெயர் எந்தக் கட்டடக் கல்வெட்டிலும் இல்லை. பெஞ்சில் ஒரு இடம் காலியாகாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போது வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஆட்கள்... குட்மார்னிங், பிறந்தநாள் கேக், பழைய போட்டோ. போன வாரம் யாரோ போட்டிருந்தார்கள், அச்சரப்பாக்கம் பக்கத்துப் பெண் ஒன்று காலேஜுக்கு வருவதில்லையாம், வீட்டில் விடவில்லையாம். வரிசையாகக் கட்டைவிரல்கள், கும்பிடும் கைகள். யார் போவது என்று யாரும் சொல்லவில்லை.

நான் போகிறேன் என்று எழுதிவிட்டேன்.

எழுதிய பிறகுதான் யோசித்தேன். என் பொண்ணு எல்.கே.ஜி. போகிறாள். வேன் கொஞ்சம் தாமதமானால் டிரைவருக்குத் திரும்பத் திரும்ப போன் போடுகிற ஆள் நான். எங்கள் அப்பாவிடம் அப்போது போன்கூட இல்லை. என்னை அனுப்பிவிட்டு, அந்தச் சாயங்காலங்களை எப்படிக் கழித்தாரோ... கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா முன்னால் போய் உட்கார வேண்டும். தைரியமாக அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வராது எனக்கு. பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.