பெஞ்சு டீச்சரும் அறுபது நோட்டுகளும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெஞ்சு டீச்சர் என்று பெயர். வேலை உத்தரவில் என்னவோ நாடக ஆசிரியை என்றுதான் இருந்தது. ஆனால் நாடகத்துக்கென்று ஒதுக்கிய கூடத்தில் பரீட்சைக்குப் போடுகிற பெஞ்சுகள் நாற்பத்தெட்டு நிரந்தரமாகக் குடியிருந்தன. ஒவ்வொரு பீரியடும் பிள்ளைகளோடு சேர்ந்து அவற்றைச் சுவரோரம் தள்ள ஆறு நிமிடம், மணியடிப்பதற்குள் பழையபடி வரிசையில் போட ஆறு நிமிடம். நாற்பது நிமிடப் பீரியடில் மிச்சம் இருபத்தெட்டு. எந்தப் பாடம் பின்தங்கினாலும் அந்த இருபத்தெட்டு நிமிடத்தின் மேல்தான் எல்லோருக்கும் கண்.

அவள் தரமாட்டாள். தலைகீழாக நின்றாலும் தரமாட்டாள். அதிகம் கேட்டவர் கணக்கு மிஸ். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த நாத்தனார். வீட்டில் ‘அக்கா’, பள்ளி வாசலைத் தாண்டினால் ‘மிஸ்’. காலையில் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்து இறங்குகிற இரண்டு பேரும் பத்து மணிக்கு ஒரு பீரியடுக்காக மல்லுக்கு நிற்பதைப் பார்க்க ஆசிரியர் அறையில் கூட்டமே கூடும்.

அவளுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடலாம். நாடகக் கலையில் நான்கு வருடப் படிப்பு. அதன் பிறகு ஒன்பது வருடம் ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போனாள். நடித்தாள், விளக்குப் போட்டாள், திரை தைத்தாள், ஒரு முறை மேடையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். இன்றைக்கும் இடது கை காதுக்கு மேல் வராது. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இல்லை. நாடகத்துக்கு அந்தப் பயிற்சி கொடுக்கிற கல்லூரியே எங்கும் இல்லை. இல்லாத கல்லூரியில் நீ ஏன் படிக்கவில்லை என்று ஏழு வருடமாகக் கேட்டு, வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் அதற்கும் ஒரு முடிவு வந்தது. ஆய்வாளர் வருவார், வகுப்பையும் பதிவுகளையும் பார்ப்பார். நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆண்டு முடிந்ததும் நாடகப் பீரியட் கணக்குக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போவாள்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான்.

“எல்லாப் பாடத்துக்கும் நோட்டு இருக்கும்மா. உங்களுக்கு மட்டும் இல்லைன்னா நான் எதைக் காட்டுவேன்? நாடகம்னா என்ன, எத்தனை வகைன்னு பத்துப் பக்கம் எழுத வைங்க. பள்ளிக்கூடம் திறந்த நாள்ல இருந்து தேதி போட்டு, சிவப்பு மையில கையெழுத்துப் போட்டுடுங்க.”

“நடத்தாததை நடத்தினதா எழுத மாட்டேன் சார்.”

“ஊர்ல எல்லாரும்தான் எழுதறாங்க.”

“அவங்க நடிக்கறாங்க சார். நடிப்பு எதுன்னு எனக்குத் தெரியும், நான் அதைச் சொல்லித் தர்றவ.”

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாத்தனார் அடுப்படியில் நின்றுகொண்டே பிடித்துக்கொண்டார்.

“உனக்கு எதுக்குடி இந்த வீம்பு? இருபத்திரண்டு வருஷமா நாங்க எழுதலையா? கை தேய்ஞ்சா போச்சு?”

“உங்க பிள்ளைங்க போடற கணக்கு நோட்டுல தெரியும்க்கா. என் பிள்ளைங்க குரல் எந்த நோட்டுல தெரியும்?”

“குரலைக் காட்டி வேலை வாங்கப் போறாளாம்!” என்று சொல்லிவிட்டு நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் வாயை மூடினால் மனதுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். இவளுக்கிருந்த கோபத்தில் அது உறைக்கவில்லை.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தலைமையாசிரியர் அவளைக் காகிதங்களோடு கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்த இரண்டு நாளும் நாடகப் பீரியடில் கணக்கு மிஸ் போய் உட்கார்ந்தார். அறுபது புது நோட்டுகளைக் கொடுத்தார். ஏதோ ஒரு பழைய கையேட்டைப் பார்த்து, நாடகத்தின் இலக்கணம், வகை, பயன் என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். டீச்சரிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பி பெண்டாட்டியின் கையெழுத்தை அறுபது நோட்டிலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்பு மையில் போட்டு முடித்தார். அதுவரை ஒரு நாள் கூடப் பள்ளிக்குத் தாமதமாக வராத மனுஷி அவர். செய்தது திருட்டுத்தான். ஆனால் பாசம் இல்லாமல் யாரும் இவ்வளவு பாடுபட்டுத் திருட மாட்டார்கள்.

ஆய்வு நாளன்று கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் பெஞ்சு டீச்சர் மேசை மேல் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டு ஆய்வாளர், பக்கத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் தலைமையாசிரியர்.

“ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கம்மா” என்றார் ஆய்வாளர், ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டே. நன்றி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழு வருட அலைச்சல் அத்தோடு தீர்ந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்வரிசையிலிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நோட்டை நீட்டினார். “படி பார்க்கலாம்.”

“நாடகம் என்பது அகநிலை உணர்வுகளை மெய்ப்பாடுகளின் வழியே புறநிலைப்படுத்தும்...” பெண் நின்றுவிட்டாள். “சார், புறநிலைப்படுத்தும்னா என்ன அர்த்தம்?”

“உங்க டீச்சர் சொல்லியிருப்பாங்களே. மேல படி.”

“அர்த்தம் தெரியாத வரியைச் சொல்லக் கூடாது சார். நிறுத்திக் கேக்கணும். எங்க வகுப்புல அதான் சட்டம்.”

அடுத்த பையனும் அதே இடத்தில் நின்றான். கடைசி வரிசை நெட்டையனும் நின்று, பணிவாக அர்த்தம் கேட்டான். கிண்டல் துளியும் இல்லை. ஆய்வாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

“என்னம்மா இது? உங்க நோட்டை உங்க பிள்ளைங்களே படிக்க மாட்டேங்குதுங்க?”

“பயந்துட்டாங்க சார், சின்னப் பசங்க” என்று தலைமையாசிரியர் அவசரமாக முட்டுக்கொடுத்தார். தலையை ஆட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். அவளுக்கோ, பதினோரு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் அதிகாரி முன்னால் நிமிர்ந்து நின்றதில் அத்தனை சந்தோஷம். அவர்களைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டு அப்படியொரு வேலையா?

“பயப்படலை சார். அந்த நோட்டு என்னுது இல்லை. படிக்காம நிறுத்தினாங்களே, அது என்னுது. ஏழு வருஷமா நான் அதைத்தான் நடத்தறேன்.”

“அப்ப இந்தக் கையெழுத்து?”

“என்னுது இல்லை.”

“யாரு போட்டது?”

கையெழுத்தின் வால் இழுப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “தெரியும் சார். சொல்ல மாட்டேன்.”

“நான்தான் போட்டேன்.” வாசலில் கணக்கு மிஸ் நின்றுகொண்டிருந்தார். “அவ என் தம்பி பொண்டாட்டி. வேலை போயிடக் கூடாதேன்னு போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.” உதடு நடுங்கினாலும் குரல் பின்சுவர் வரைக்கும் போய் மோதியது. அந்த நேரத்திலும் பெஞ்சு டீச்சர் அதைக் கவனித்தாள்.

ஆய்வாளருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. கணக்கு மிஸ் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். பிறகு படிவத்தை நிரப்பினார். பதிவுகள்: இல்லை. நிரந்தரம்: பரிந்துரை இல்லை. தகுதி என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, கையெழுத்துக்காக அவள் பக்கம் தள்ளினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். “நோட்டு இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அது உண்மை. இது உண்மை இல்லை சார்.” கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டினாள். நான்கு வருடப் படிப்பு, ஒன்பது வருட மேடை, ஏழு வருட வகுப்பு. கட்டம் பத்தவில்லை. எழுத்து ஓரத்தில் இறங்கி, முத்திரை வைக்க விட்டிருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது.

“அதுல நீங்க எழுதக் கூடாதும்மா! அது ஆபீஸ் உபயோகத்துக்கு.”

“என் தகுதியை நான் எழுதாம யார் சார் எழுதுவா?” கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பீரியட் முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. ஆண்டு முடிய நான்கு மாதம் இருந்தது. அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, “எழுந்திரிங்க, வட்டமா நில்லுங்க” என்றாள். அறுபது பேரும் எழுந்தார்கள்.

“சார், கொஞ்சம் நாற்காலியை ஓரமாப் போட்டுக்கறீங்களா? வகுப்பு நடக்குது.”

ஆய்வாளர் எழுந்தார். நாற்காலியை அவரேதான் தூக்கிக்கொண்டு போனார்.