சட்டி நாட்டாமை கையைக் கட்டிக்கொண்ட நாள்

அமகசாகி நகரக் குடிநீர் அலுவலகத்தில் கஜிதானியைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காக அல்ல, சட்டிக்காக. ஆண்டு முடிவு விருந்தில் மேசை நடுவே இரும்புச் சட்டியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தால் போதும், மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். கொழுப்புத் துண்டைச் சட்டியில் தேய்ப்பது, மாட்டிறைச்சியை விரிப்பது, அதன்மேல் சர்க்கரை தூவிச் சோயா ஊற்றுவது, எந்தத் துண்டு யார் கிண்ணத்துக்கு என்று தீர்ப்புச் சொல்வது, எல்லாம் அவர்தான். "இன்னும் ஆகல, கையை எடுங்க சார்!" என்று மேலதிகாரியையே அதட்டியவர். இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு பட்டம் உண்டு: சட்டி நாட்டாமை. உட்கார்ந்த இடத்தில் பதமான துண்டு கிண்ணத்தில் வந்து விழுந்தால் யாருக்குக் கசக்கும்? எல்லோரும் தின்றார்கள், புகழ்ந்தார்கள். அந்தப் புகழை வீட்டிலும் எதிர்பார்த்ததுதான் அவர் செய்த தப்பு.

பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. ஐந்து பிள்ளைகளில் நடுப்பிள்ளை. அப்பாவுக்கு இரும்பு ஆலையில் கூலி வேலை. இறைச்சி வாங்கும் நாளே அபூர்வம். அன்றைக்குக் கண் கொஞ்சம் அசந்தால் கிண்ணத்தில் வெங்காயத்தாள்தான் மிஞ்சும். வளர்ந்து ஆளாகி, கை நிறையச் சம்பளம் வாங்கிய பிறகும் சட்டிமேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வசந்தத்தில் அவர் மனைவி தொமோயே பெட்டியைக் கட்டினாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. "நாள் முழுக்க உங்களோட ஒரே வீட்டுல இருக்க என்னால ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான நிஷினோமியாவில் ஓர் ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். குளிர் தொடங்கியதும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட அவள் சம்மதித்தாள். மகள் சிஹோ தொலைபேசியில் அப்பாவைப் பிடித்துக் காய்ச்சினாள். "அப்பா, அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னா இதுதான் வழி. சட்டியை அம்மா பாத்துக்கட்டும். நீங்க கையை வைக்காதீங்க. வாயையும் திறக்காதீங்க."

ஒசாகாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, பாய் விரித்த சின்ன அறை. பரிமாறும் பெண்மணி இறைச்சித் தட்டோடு வந்து மண்டியிட்டாள். "நான் ஆரம்பிச்சு வைக்கட்டுங்களா?"

"வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்" என்றாள் தொமோயே. "எங்க டோக்கியோ பக்கத்து மாதிரி, சோயாவும் சர்க்கரையும் கலந்த சாறு ஒரு குவளை கிடைக்குமா?"

"அய்யய்யோ, ஒசாகாவுல வந்து கறியை முதல்ல வாட்டாம சாறு கேட்டா சட்டியே கோவிச்சுக்கும்மா!" என்று சிரித்தபடி அவள் கஜிதானியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குவளை எடுத்துவரப் போனாள்.

சாற்றை முதலில் ஊற்றினாள் தொமோயே. இறைச்சி, வெங்காயத்தாள், காளான், தோஃபு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாள். கிழங்கு நூடுல்ஸைக் கொண்டுபோய் இறைச்சிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அது பட்டால் இறைச்சி விறைத்துப்போகும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! கஜிதானி தேநீரை எடுத்துக் குடித்தார். ஒரே மடக்கில் காலி. கால் மாற்றி உட்கார்ந்தார். கை துடைக்கும் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சட்டியில் இறைச்சியின் சிவப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பல் நிறமாகியது. எடு, எடு, எடு என்று தொண்டைவரை வந்துவிட்டது.

"மழை வருமோ?" என்றார்.

"வானம் பளிச்சுன்னு இருக்கே."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. "தோல் மாதிரி ஆயிடுச்சு, தொமோயே!"

அவள் நிதானமாக ஒரு துண்டை எடுத்தாள். அடித்த பச்சை முட்டையில் தோய்த்துத் தின்றாள். "எனக்கு நல்லா வெந்தாத்தாங்க பிடிக்கும்."

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். கல்யாணமான புதுசுல. 'நல்ல கறியை வேகவைச்சுக் கொல்லப் பாக்கறியா'ன்னு சிரிச்சீங்க. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது?"

அவருக்கு அது நினைவே இல்லை. நினைவில் இருந்ததெல்லாம், பாதி சிவந்த துண்டை அவள் கிண்ணத்தில் போட்டு, "இப்பவே சாப்பிடு, ஆறிடும்" என்று அவசரப்படுத்தியதும், அவள் மறுபேச்சில்லாமல் விழுங்கியதும்தான். ஊருக்கெல்லாம் பதம் பார்த்துக் கொடுத்தவருக்குச் சொந்தப் பெண்டாட்டியின் பதம் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீட்டுக்கு வந்துடு" என்றார். "இனிமே சட்டி உன்னுது. பாரு, இன்னிக்கு நான் தொட்டேனா?"

"தொடல. ஆனா உங்க கையைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். கைத்துண்டைக் கயிறாக முறுக்கிப் பிடித்திருந்தார்.

"நீங்க அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்துப் பாத்தே எனக்குப் பசி போயிடுச்சு" என்றாள் தொமோயே. "இப்ப கத்துவாரா, அப்புறம் கத்துவாரான்னு ஒவ்வொரு துண்டுக்கும் உங்க முகத்தைப் பாக்கறேன். வீட்டுலயும் இதே பொழப்புதான். நான் வரமாட்டேங்க."

கெஞ்சலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதுவும் அவளை விரட்டுவதாகத்தான் முடியும் என்று பட்டது. முறுக்கிய துண்டைக் கீழே வைத்தார்.

"சாப்பிடக்கூட வரமாட்டியா?"

அவள் அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். "நிஷினோமியா ஸ்டேஷன் பின்னாடி, ஆளுக்கொரு சின்னச் சட்டி வைக்கிற கடை இருக்கு. அடுத்த மாசம் அங்க வாங்க. உங்க சட்டி உங்களுக்கு, என் சட்டி எனக்கு."

"உன் சட்டியை எட்டிப் பாக்கலாமா?"

"பாருங்க. நாட்டாமை மட்டும் பண்ணாதீங்க."

கஜிதானி சட்டியிலிருந்து சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

பொய் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "சகிக்கல" என்றார்.

தொமோயே வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, அவர் முகத்தைப் பார்க்காமலே அடுத்த துண்டை எடுத்துத் தின்றாள்.