பூஜைக்கு வராத புத்தகம்

கத்தரிக்கோல் இரண்டு முறை சத்தம் போடுகிறது. உள்ளங்கை அகலத் துணி மூன்று துண்டாகிறது. சைதுன்னிசா அவற்றை வடக்கு ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஒரே துணியில் இப்போதுதான் வெட்டியது, மூன்றும் ஒரே நிறமாகத்தானே இருக்கும்! கேட்டால், "இருக்கட்டுமுங்க அம்மிணி, ஒருக்கா பாத்துட்டா மனசு ஆறும்" என்பார்.

முதல் துண்டு சாயப்பட்டறையின் ஷேடு புத்தகத்தில் ஒட்டப்படும். இரண்டாவது அருள்புரத்தில் அவர் வீட்டுப் பெட்டிக்குப் போகும். மூன்றாவது, கூட வேலை பார்க்கும் மருதாளின் கையில் பொங்கலூருக்குப் பஸ் ஏறும். துண்டுக்குப் பக்கத்தில் எந்தச் சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று குண்டுக் குண்டாக எழுதியிருக்கும். போன வருஷம் வாங்கிய அதே நிறம் வேண்டும் என்று பார்ட்டி வந்து நின்றால் பட்டறைக்கு இந்தப் புத்தகம்தான் கை கொடுக்கும். அது இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தடவ வேண்டியதுதான்.

திருப்பூரில் ஓடையை ஒட்டியிருக்கிற லிங்கசாமியின் பட்டறையில் பத்தொன்பது பேருக்கு வேலை. சைதுன்னிசா அங்கே பதினைந்து வருஷமாக ஷேடு பார்க்கிறார். அருள்புரத்தில் பன்னிரண்டு மிஷின் போட்டுப் பனியன் தைக்கும் பெண்பிள்ளை நான். என் துணியெல்லாம் அங்கேதான் சாயம் ஏறும். இந்த அம்மாவை நான் கேலி செய்த அளவுக்கு வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் இவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். ஷேடு துண்டில் எண்ணெய்க் கை பட்டுவிடுமாம். சாயங்காலம் வீட்டுப் பெட்டியை மூடிய பிறகுதான் சீப்பும் எண்ணெயும். பெட்டி மூன்று செங்கல் உயரத்தில் ஒரு பலகை மேல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்று போட்டோ ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய கறுப்புத் தாளை ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வைத்திருக்கிறார். கம்பெனி வேன் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் அப்துல் ரவூப் ஒரு நாள் என்னிடம் அலுத்துக்கொண்டார்: "தீப்புடிச்சா மொதல்ல பொட்டிய வெளிய எடுக்கோணுமாங்க. அப்பறந்தான் என்னயக் கூப்புடுவாளாமா."

பட்டறையிலும் இதே கதைதான். வாசலில் தொங்கும் மணல் வாளிகளில் வெற்றிலை எச்சில் துப்புகிறவர்களோடு அவருக்குத் தீராத சண்டை. வாரா வாரம் மணலைக் கொட்டிச் சலிப்பார். ஏறிய சாயத்தைக் கழற்றப் போடும் ஹைட்ரோஸ் பொடி டப்பாவுக்குள் தண்ணீர் போனால் புகைந்து தீப்பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவற்றையெல்லாம் ஆள் உயரப் பலகைக்கு ஏற்றிவிட்டார். எடுக்கிறவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி அவரைத் திட்டுவார்கள். "திட்டிக்கங்க. எடுத்துட்டு இருந்த எடத்துலயே வெச்சுருங்க" என்பார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், எண்பத்தெட்டாம் வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும்.

அப்போது புத்தகம் இரண்டு. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று சைதுன்னிசாதான் இரண்டாவதை எழுதி வைத்திருந்தார். ஆனால் இரண்டும் ஒரே பீரோவில் இருந்தன. பூஜை அன்று இரண்டையும் கொண்டுபோய்ச் சாமி முன்னால் அடுக்கினார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம் அல்லவா? அந்தப் பக்கத்தின் நட்டநடுவில் பட்டறையின் முதல் பார்ட்டியுடைய கிரீம் கலர்த் துண்டு ஒட்டியிருந்தது. லிங்கசாமி தன் கையாலேயே, பக்தியோடு, தாராளமாக, இரண்டு புத்தகத்திலும் வைத்தார். குங்குமம் உதிர்ந்துபோயிற்று. சந்தனம் துணிக்குள் இறங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்து அதே பார்ட்டி அதே கிரீம் கேட்டு வந்தார். எழுதி வைத்தபடி சாயம் போட்டால் துணி வெளுப்பாக வருகிறது, புத்தகத்துத் துண்டோ மஞ்சளாக நிற்கிறது. சாய மாஸ்டர் ஞானசம்பந்தம் இரண்டாவது புத்தகத்தையும் பிரித்துப் பார்த்தார். அதுவும் மஞ்சள். "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் சொல்லுது. எழுதுன கணக்குத்தான் தப்பு" என்று மஞ்சளைக் கூட்டி அறுநூறு கிலோவை ஓட்டிவிட்டார். கிரீம் கேட்டவருக்குச் சந்தனக் கலரில் துணி போய்ச் சேர்ந்தது. மொத்தமும் திரும்பி வந்தது, அந்தப் பார்ட்டி திரும்பி வரவே இல்லை.

சைதுன்னிசா அன்று அந்தப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்திருக்கிறார். வாசம் இன்னும் இருந்தது. யார் விரல் என்பதும் தெரிந்துவிட்டது. புத்தகத்தை மூடினார். "எம் புஸ்தகமுங்க, எந் தப்புங்க" என்றார். லிங்கசாமி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் வாங்கி உடைத்தார்.

அன்றிலிருந்துதான் மூன்று புத்தகம், மூன்று ஊர். இரண்டு புத்தகம் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே கூரைக்குக் கீழ் வரக் கூடாது.

தொண்ணூற்றிரண்டில் லிங்கசாமிக்கு அது பொறுக்கவில்லை. பூஜைக்கு எல்லோரும் கூடி நிற்கிறோம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "அம்மிணி, அந்த ரெண்டையுங் கொண்டாந்து வெச்சுருங்க. பூஜைக்கு வராத புஸ்தகம் கம்பெனிக்கு ஆகாதுங்க" என்றார்.

"மொதப் புஸ்தகத்த நானே தொடச்சுக் கொண்டாந்து வெச்சிருக்கறனுங்க மொதலாளி. மத்த ரெண்டும் வராதுங்க."

"அதேனுங்க?"

"வராதுங்க."

ஞானசம்பந்தம் பக்கத்திலிருந்து, "நம்ம பூஜைன்னா அவங்களுக்கு அப்படித்தானுங்க" என்று ஒரு போடு போட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் பொரியை மென்றுகொண்டு மரம் மாதிரி நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சைதுன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாஸ்டர் வாயடைத்துப் போயிருப்பார். லிங்கசாமியும் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்திருப்பார். சைதுன்னிசா சொல்லவில்லை. சாமி முன்னால் விலகியிருந்த வாழை இலையை நேராக்கி வைத்துவிட்டு வெளியே போனார்.

அதிலிருந்து ஐந்தாவது வாரம் ஓடை பட்டறைக்குள் வந்தது.

காலையில் நான் போனபோது இடுப்பளவு தண்ணீர் வடிந்து முழங்காலளவில் நின்றது. மாஸ்டரின் மேஜை டிராயரில் இருந்த ஷேடு புத்தகம் இட்லி மாவு மாதிரி கையோடு வந்தது. என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைப் பனியன், ஏழு நிறம், போன வருஷத்து ஆர்டரே மறுபடியும் வந்திருந்தது. அந்த ஏழு நிறத்துக்கும் என்னிடம் இருந்த ஒரே சாம்பிளை முந்தின வாரம்தான் மாஸ்டரிடம் கொடுத்திருந்தேன். அதே டிராயர்! நிறம் மாறினால் ஆர்டர் போச்சு. கப்பல் ஏற்ற இருபது நாள்கூட இல்லை.

லிங்கசாமி கவிழ்த்த பேரல் மேல் உட்கார்ந்திருந்தார். "கிரீம் பார்ட்டி போனப்பவே பாதி உசுரு போச்சுங்க. இதும் போனா பட்டறையப் பூட்டிப் போட்டுட்டு இத்தன பேரையும் ஊட்டுக்குத் தாட்டி உட வேண்டியதுதான்" என்றார்.

சைதுன்னிசா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பலகையில் ஹைட்ரோஸ் டப்பாக்கள் நனையாமல் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்றார்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "புஸ்தகத்தயே எடுத்துட்டு வந்துருங்க!"

"புஸ்தகம் வராதுங்க மாஸ்டர். துண்டு வரும். இங்க இன்னும் தண்ணி வடியல பாருங்க."

என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அருள்புரம் போனேன். போன வேகத்துக்கு, நானாக இருந்தால் சேற்றுக் காலோடு பெட்டியைத் திறந்திருப்பேன். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்தார். உலரட்டும் என்று கொஞ்ச நேரம் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்புறம் பெட்டியைத் திறந்து, ஏழு துண்டிலும் பாதி பாதி வெட்டி, அந்தப் பாதியையும் இரண்டாக்கி, விவரத்தை இரண்டு தாளில் எழுதினார். ஒரு தாளையும் ஏழு துண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் தந்தார். இன்னொரு தாளையும் மற்ற ஏழு துண்டையும் தன் டிபன் பாக்ஸில் வைத்து மூடினார்.

"சரி, ஏறுங்க" என்றேன்.

"நீங்க போங்க அம்மிணி. நா பஸ்ஸுல வர்றனுங்க."

"பஸ் பாதி தூரந்தான் போகுது!"

"மிச்சத்த நடந்துக்கறனுங்க. ரெண்டும் ஒரே வண்டியில போறதுங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். நான் போய்ச் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேறும் இடுப்பில் டிபன் பாக்ஸுமாக வந்தார்.

தண்ணீர் வடிய மூன்று நாள். நான்காம் நாள் பாய்லரைப் பற்றவைத்தார்கள். ஏழில் ஆறு நிறம் முதல் ஓட்டத்திலேயே அந்தத் துண்டுகளோடு ஒத்தது. ஊதா மட்டும் இரண்டு தடவை அடம் பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. பனியன்கள் நாள் தவறாமல் கப்பலேறின. பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. மாஸ்டர் இப்போதெல்லாம் புத்தகத்தைத் தொடுமுன் கை கழுவுகிறார்.

பனியன் பெட்டிகள் போன மறுநாள் லிங்கசாமி வடக்கு ஜன்னலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். "அம்மிணி, அன்னிக்குப் பூஜைக்கு ஏனுங்க கொண்டாரல? இப்பவாச்சுஞ் சொல்லுங்க."

சைதுன்னிசா கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். "அந்தக் கிரீம் துண்ட மோந்து பாத்தனுங்க மொதலாளி. சந்தனம் வாசம் அடிச்சுதுங்க."

லிங்கசாமிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தன் மோதிர விரலைப் பார்த்தார். "நாலு வருசமா எங்கிட்டச் சொல்லலீங்களே?"

"நல்லது நெனச்சு வெச்சதுங்க. அதப் போயி எப்படீங்க சொல்றது?"

லிங்கசாமி தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் மனுஷனுக்கு ஆசை விடவில்லை. போன ஆயுத பூஜை அன்று பட்டறையில் பூஜையை முடித்துவிட்டு, பொரிகடலையும் பூவும் சந்தனக் கிண்ணமுமாக அருள்புரத்துக்கே வந்துவிட்டார். நான் எதிர்க்கடையில் நூல் வாங்கிக்கொண்டிருந்தேன். "அம்மிணி, புஸ்தகத்துல வேண்டாமுங்க. பொட்டிக்கு மேல, தகரத்துல, துளியூண்டு வெச்சுட்டுப் போயர்றேன்" என்று வாசலில் நின்று கெஞ்சினார். விரல் நுனியில் சந்தனம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

சைதுன்னிசா அவருக்கு உட்கார நாற்காலி போட்டார். பொரிகடலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தார்.

"இது கம்பெனி கத்தரிதானுங்க மொதலாளி. இதுக்கு நல்லா வெய்யுங்க" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் நீட்டி, பெட்டி இருந்த அறையின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.