டயோசிஸ் என்ற என் சக்களத்தி

என் வீட்டுக்காரர் பிஷப்பின் ஜீப் ஓட்டினார். முப்பத்தோரு வருஷம். பிஷப்பின் பொறுப்பில் இருக்கிற மொத்தச் சீமைக்கும் டயோசிஸ் என்று பேர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஜீப்பில் இரண்டு நாள். திங்கட்கிழமை போனால் வியாழக்கிழமை வருவார். எங்கே போனாய் என்றால், டயோசிஸ் வேலை. மூத்தவள் பிறந்தபோது டயோசிஸ். காற்றில் கூரைத் தகரம் பறந்தபோதும் டயோசிஸ். மனுஷியாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். வார்த்தையை என்ன செய்வது?

ஒருநாள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்: "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள கேட்டுச்சு, உனக்குச் சோறு கெடையாது."

மனிதர் சோற்றுக்குப் பயந்தவர். வாயை மூடிக்கொண்டார். பிறகொரு தடவை, பிஷப் அந்த வார்த்தைக்கு ஏதோ அர்த்தம் சொன்னார் என்று ஆரம்பித்தார். முறைத்தேன். குனிந்து சாப்பிட்டார்.

அவர் கண்ணை மூடி இரண்டு மாதம் கழித்து, அவர் சாமான்களை எடுத்துப்போகச் சொல்லி பிஷப் ஆபீஸில் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, டீசல் வாடை போகாத துண்டு. எடுத்துக் கொடுத்தவள் டைப் அடிக்கிறவள். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"ஏம்மா, இந்த டயோசிஸ்ல அப்படி என்னதான் இருந்துச்சு அவருக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க வீட்டத்தானக்கா அவரு அப்படிச் சொல்லுவாரு."

அது கிரேக்க வார்த்தையாம். அதற்குள்ளே 'வீடு' இருக்கிறதாம். முதன்முதலில் வீட்டை நடத்துவது என்றுதான் அர்த்தமாம். அப்புறம் நாட்டை நடத்துவதற்கும் அதையே சொல்லி, ராஜாக்கள் தங்கள் சீமைக்குப் பேராக வைத்து, கடைசியில் சபைக்கு வந்ததாம். ஜீப்பில் போகும்போது பிஷப் இதைச் சொல்லக் கேட்ட நாளிலிருந்து, ஜீப் சாவியை ஆணியில் மாட்டும்போதெல்லாம் இவர் சொல்வாராம்: "இங்க வேலை முடிஞ்சுது. நெஜ டயோசிஸ் வீட்ல இருக்கு. லேட்டாப் போனா அந்த பிஷப்பு வெளியில நிக்க வெச்சிரும்."

ஆபீஸ் முழுக்க எனக்குப் பேரே பிஷப்புதானாம். எனக்கு மட்டும் தெரியாது. சொல்ல வந்த வாயை அடைத்தவள் நான்தானே.

இப்போது அந்த வார்த்தையை வீட்டுக்குள் நானேதான் சொல்கிறேன். விளக்கைப் போட்டு, துண்டு தொங்குகிற ஆணியைப் பார்த்து: "டயோசிஸுக்கு வாய்யா, சோறு ஆறுது."